மன்றோ துருத்து: ஓர் ஆறு சுமந்து வந்து போட்ட ஊர்

கேட்கப்பட்ட கேள்வி இது: "தென்காசியிலிருந்து குடும்பத்தோடு இரண்டு நாள் கொல்லம் பக்கம் போகிறோம். ஆலப்புழைக் கூட்டம் வேண்டாம். மன்றோ தீவு என்று ஒன்று இருக்கிறதாமே, பார்க்கத் தகுந்ததா? அரை நாள் போதுமா? அக்கம்பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?"

கட்டாயம் போங்கள். ஆனால் அரை நாள் போதாது, ஓர் இரவாவது தங்க வேண்டும். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன். காலையில் வந்து, படகில் ஏறி இறங்கி, படம் பிடித்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்புகிறவர்கள் "அழகான இடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் கண்ணெதிரே தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் திரும்புவது, உடல்நலமில்லாத உறவினர் வீட்டுக்குப் போய் விருந்து மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவதைப் போல.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. மலையாளத்தில் இந்த ஊர் மன்ரோதுருத்து. துருத்து வேறொன்றுமில்லை, நம்முடைய துருத்திதான். ஆற்று நடுவே எழும்பி நிற்கும் திட்டுக்குத் தமிழில் பழைய பெயர் துருத்தி. ஆற்றிடைக்குறை என்றும் சொல்வார்கள். திருவையாற்றுக்கு அருகிலுள்ள திருப்பூந்துருத்தி அப்படி வந்த பெயர். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள குத்தாலத்துக்குத் தேவாரத்தில் துருத்தி என்றே பெயர். நாம் ஊர்ப்பெயர்களில் மட்டும் வைத்துக்கொண்டு மறந்துவிட்ட சொல்லை அவர்கள் இன்றும் அன்றாடப் பேச்சில் புழங்குகிறார்கள்.

மன்றோ யார் என்பதில் பலருக்குக் குழப்பம் வரும். சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கிறாரே, அவர் தாமஸ் மன்றோ. இவர் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக, அதாவது அரசவைப் பிரதிநிதியாக, இருந்தவர், இடையில் சில ஆண்டுகள் திவான் பதவியையும் சேர்த்தே வகித்தவர். அவர் வந்த நேரமும் கவனிக்க வேண்டியது. தீவுக்குப் பக்கத்து ஊரான குண்டறையில்தான் 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராக அறைகூவல் விடுத்தார். வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்ட மறு ஆண்டே மன்றோ வருகிறார். அவர் காலத்தில் இந்தத் திட்டுகளைத் திருவிதாங்கூர் அரசு, கோட்டயத்தில் கிறிஸ்தவ மிஷன் நடத்திய குருமார் கல்லூரியின் செலவுக்காக மானியமாகக் கொடுத்தது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் இது.

இனிப் பயணம். நீங்கள் தென்காசிக்காரர் என்பதால் உங்களுக்கு வாய்த்திருக்கும் வசதி சென்னைக்காரருக்குக் கூட இல்லை. காரில் போகாதீர்கள். செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் ரயிலில், பகல் வெளிச்சத்தில் போங்கள். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதையாக மாறி 2018-ல் முழுவதும் திறக்கப்பட்டது. ஆரியங்காவு தாண்டியதும் மலைச்சரிவில் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வரும். அந்தப் பாலத்தை எல்லாரும் படம் பிடிப்பார்கள். நீங்கள் கூடவே கீழே தெரியும் தண்ணீரையும் பாருங்கள். கழுதுருட்டி, செந்துருணி, குளத்துப்புழை என்ற மூன்று ஆறுகளும் தென்மலைப் பக்கம் ஒன்றுசேர்ந்து கல்லடா ஆறு ஆகின்றன. அந்த ஆறு புனலூர் வழியாகக் கீழிறங்கி அஷ்டமுடிக் காயலில் போய்க் கலக்கிறது. கலக்கும் இடத்தில் அது நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொண்டுவந்து போட்ட வண்டல்தான் மன்றோ துருத்து. ஆக, நீங்கள் கொல்லம் போய்ச் சேருமுன்னே அந்தத் தீவின் மண் புறப்பட்ட இடத்தைப் பார்த்துவிடுகிறீர்கள்.

வழியில் இறங்க மனமிருந்தால் இரண்டு இடங்கள். ஒன்று தென்மலை அணை. அதை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும். மற்றொன்று புனலூர் தொங்குபாலம். 1877-ல் கல்லடா ஆற்றின் குறுக்கே கட்டியது. இப்போது வண்டிகள் போவதில்லை, நடந்து போகலாம். இரு கரையிலும் கல்தூண் கோபுரங்கள், இடையில் சங்கிலிகளில் தொங்கும் மரத்தளம். நடுவில் நின்று கீழே பார்த்தால் ஆறு அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்.

தீவுக்குப் போக இரண்டு வழி. கொல்லத்தில் இறங்கி எர்ணாகுளம் திசையில் போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் பெரிநாட்டுக்கு அடுத்த நிலையம் மன்ரோதுருத்து. எக்ஸ்பிரஸ் எல்லாம் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அல்லது கொல்லம் வரை போகாமல் குண்டறையிலேயே இறங்கி, சிற்றுமலை வழியாகப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். இடியக்கடவுப் பாலம் தாண்டினால் தீவு. எனக்கு ரயில் வழிதான் பிடிக்கும். பெரிநாட்டை விட்டதும் மரங்கள் விலகி, இரு பக்கமும் காயல் சட்டென்று விரியும். அதுதான் பெருமண் பாலம்.

அந்தப் பாலத்தில் 1988 ஜூலை 8 அன்று, பெங்களூரிலிருந்து வந்த ஐலண்டு எக்ஸ்பிரஸின் பெட்டிகள் தடம்புரண்டு காயலில் விழுந்தன. 105 பேர் இறந்தார்கள். சுழற்காற்றுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்த விளக்கத்தை அந்தப் பக்கத்து மக்கள் இன்றுவரை ஏற்றுக்கொண்டதில்லை. முதலில் தண்ணீரில் குதித்தவர்கள் சுற்றுவட்டாரத்து மீனவர்களும் கயிறு திரிக்கும் தொழிலாளர்களும்தான். ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுச்சின்னத்தில் பூ வைக்க வருகிறார்கள். ஐலண்டு என்ற பெயரைப் பார்த்து இந்தத் தீவோடு முடிச்சுப் போட வேண்டாம். ஒரு காலத்தில் கொச்சியின் வெலிங்டன் தீவு வரை ஓடிய வண்டி என்பதால் வந்த பெயர் அது.

இனித் தீவு. மொத்தமே சுமார் 13 சதுர கிலோமீட்டர். எட்டுச் சிறு திட்டுகள், இடையிடையே ஓடைகள். மோட்டார் படகை ஒப்புக்கொள்ளவே கூடாது. ஒருவர் பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளும் நாட்டு வள்ளம்தான் இந்த ஓடைகளுக்கு ஏற்றது. மோட்டார் படகின் அலை கரையை அறுக்கிறது என்பது ஒரு காரணம். ஓடைகள் பல இடங்களில் இரண்டு வள்ளம் ஒதுங்கிப் போகும் அகலம்தான் என்பது இன்னொரு காரணம். எல்லாவற்றையும்விட, சத்தம் இல்லாமல் போனால்தான் ஊர் காதில் விழும். ஒரு வீட்டில் தேங்காய் துருவுகிறார்கள், அடுத்த வீட்டில் வானொலி, அதற்கடுத்த வீட்டுப் படித்துறையில் ஒரு பாட்டி மீன் கழுவுகிறார், பூனை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வள்ளம் போவது வாய்க்காலில் என்றாலும், நாம் கடந்து போவது அவர்களுடைய கொல்லைப்புறங்களை. கேமராவைத் தூக்குமுன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலைப் படகு சிறந்தது. ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் கண்டல் மரங்கள் இரு பக்கமிருந்தும் வளைந்து மூடிய ஓடை வழியாகப் போய், காயல் திறக்கும் இடத்தில் சூரியோதயம் பார்க்கலாம். நீர்க்காகங்கள் கம்புகளில் சிறகை விரித்துக் காயப்போட்டிருக்கும். செம்பருந்து தாழப் பறக்கும். தலையைக் குனிய வேண்டிய சிறு பாலங்கள் வரும். வள்ளக்காரர் "தல" என்பார், உடனே குனிந்துவிடுங்கள். ஒருமுறை நாங்கள் போன நேரம் ஓதம், அதாவது கடல் நீரேற்றம், ஏறியிருந்தது. ஒரு பாலத்தடியில் உட்கார்ந்து குனிந்தும் இடம் போதவில்லை. வள்ளத்தின் அடிப்பலகையில் மல்லாந்து படுத்துக் கடந்தோம். பாலத்தின் அடிப்பகுதி மூக்குக்கு ஒரு சாண் மேலே நகர்ந்தது. அதில் ஒட்டியிருந்த சிப்பிகளை எண்ணியிருக்கலாம்.

"முன்பு இந்தப் பாலத்தடியில் நின்றுகொண்டே கழி போடுவேன்" என்றார் வள்ளக்காரர். பாலம் தாழ்ந்ததா, தண்ணீர் உயர்ந்ததா என்று கேட்டேன். "இரண்டும் ஒன்றுதானே சார்" என்றார்.

அன்று நாங்கள் தங்கியிருந்த வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மச்சி இருந்தார். அவருடைய பழைய வீட்டை, இப்போது யாரும் குடியிருக்காத வீட்டை, எனக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வாசலுக்கு மூன்று படி ஏறித்தான் கல்யாணமாகி உள்ளே வந்தாராம். நான் பார்த்தபோது ஒரு படிதான் வெளியே இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து, செங்கல் பொடிந்து, அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைச் சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார். பின்பக்கம் பத்துப் பதினைந்து தென்னை. பாதி, மட்டையே இல்லாமல் வெறும் கம்பமாக நின்றது. "இதெல்லாம் காய்த்த காய் கணக்கில் அடங்காது மோனே" என்று சொன்னவர், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஊர்க்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் 2004 சுனாமியிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள். ரயில் போகும் அதிர்வு என்பாரும் உண்டு. எனக்கு மிக அடிப்படையாகத் தோன்றுவது அணை. வண்டல் மண் இறுகிக்கொண்டே, அமிழ்ந்துகொண்டே இருக்கும். அது எந்த ஆற்று முகத்திலும் உள்ள இயல்பு. ஆண்டுதோறும் வெள்ளம் வந்து ஒரு விரற்கடை புது வண்டலைப் போர்த்திவிட்டுப் போகும்வரை அமிழ்வதும் ஏறுவதும் ஈடாகிவிடும். 1980-களில் தென்மலையில் அணை வந்து பாசனத்துக்குத் தண்ணீர் பிரிந்ததும் வெள்ளம் நின்றது, வண்டலும் அங்கேயே தங்கிவிட்டது. போதாக்குறைக்கு ஆற்று மணலையும் அள்ளினார்கள். ஆற்று நீரின் வேகம் குறைந்த இடத்தில் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. நீண்டகரை முகத்துவாரம் வழியாக அஷ்டமுடிக்குள் வரும் ஓதம், நம் கார்த்திகையாகிய விருச்சிக மாதத்திலிருந்து சில மாதங்களுக்கு மிக உயரமாக வரும். வேலியேற்றம் என்பார்கள். முன்பு எப்போதாவது ஒருநாள் முற்றத்தை நனைத்துவிட்டுப் போனது, இப்போது அடுக்களைக்குள் வந்து நிற்கிறது. நெல் விளைந்த வயல்கள் உப்பேறி இறால் குட்டைகளாகிவிட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுவிட்டு வெளியேறிவிட்டன.

தென்மலை அணையைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். அணை தவறு என்று நான் ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் வாழும் வயல்களும் இருக்கின்றன. ஆனால் காவிரிக் கடைமடையிலும் வண்டல் வராத கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆற்றை மேலே தடுத்தால் கீழே என்ன ஆகும் என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இடம் வேறு கிடைக்காது. காலையில் அணையும் மாலையில் அம்மச்சி வீட்டுப் படியும் பார்த்தால் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்துவிடும்.

தங்குவதற்கு ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே ஒன்றிரண்டு அறை ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். காயலோரத்துப் பெரிய விடுதிகளைவிட அதைத்தான் சொல்வேன். உப்புநீரால் விவசாயம் போன குடும்பத்துக்கு அந்த வருமானம்தான் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க ஒரு பிடிமானம். குடிநீருக்கு அங்கே நல்ல தட்டுப்பாடு உண்டு. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு குடம் இராது. குளிக்கும்போது அதை மறக்காதீர்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் பிடித்த கரிமீனை மசாலா தடவி வாழையிலையில் பொதிந்து சுட்டுத் தருவார்கள். கூடவே வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் சம்மந்தி என்று அவர்கள் சொல்லும் காந்தாரி மிளகாய்த் துவையலும். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த மிளகாயைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டி என்னும் சிப்பியும் கிடைக்கும். அஷ்டமுடி மட்டியைப் பற்றி ஒரு செய்தி: மீன்வளத்தை அழிக்காமல் பிடிப்பதற்காக உலக அளவில் வழங்கும் எம்எஸ்சி (Marine Stewardship Council) சான்றிதழை இந்தியாவில் முதன்முதலில் வாங்கியது, 2014-ல், இந்தக் காயலின் மட்டித் தொழில்தான். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் யாரும் மட்டி அள்ளக்கூடாது என்று மட்டி எடுப்பவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிற்பகலில் வெயில் தாழ்ந்ததும் நடந்து சுற்றுங்கள். சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது. கயிறு திரிக்கும் வீடுகள் இன்னும் சில மிச்சம். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் நீரில் ஊறப்போட்டு, பிறகு எடுத்து அடித்து நார் பிரிப்பார்கள். ஊறும் இடத்தில் அழுகல் நாற்றம் மூக்கைத் துளைக்கும். கன்னியாகுமரிப் பக்கம் கதம்பல் ஊறப்போட்ட குளங்களைத் தெரிந்தவர்களுக்கு அது பழகின வாசனை. ராட்டில் நாரைச் செருகிவிட்டு ஒரு பெண் பின்னோக்கியே நடப்பார். அவர் நடக்க நடக்க விரல்களிலிருந்து கயிறு நீளும். அனுமதி கேட்டால் உங்கள் பிள்ளைகளையும் நாலு அடி திரிக்க விடுவார்.

அக்கம்பக்கத்தில் சாஸ்தாங்கோட்டை ஏரியைத் தவறவிடாதீர்கள். ரயிலில் அடுத்த நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். கேரளத்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. கொல்லம் நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பது. உப்புக்காயலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நன்னீர்ப் பரப்பு இருப்பதே அதிசயம். ஏரிக்கரையில் தர்மசாஸ்தா கோயில் இருக்கிறது, குரங்குகள் ஏராளம், கையில் தின்பண்டம் வேண்டாம். அஷ்டமுடியும் இந்த ஏரியும் 2002-ல் ஒன்றாகவே, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை.

கொல்லம் நகரத்தில் ஒரு மாலை போதும். தங்கசேரிக் கலங்கரை விளக்கம் 1902-ல் கட்டியது, மேலே ஏறவிடுகிறார்கள். பக்கத்தில் போர்ச்சுகீசியர் கோட்டையின் இடிபாடு. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய கல்வெட்டுகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு என்று பார்த்திருப்பீர்களே, கி.பி. 825-ல் தொடங்கும் அந்தக் கணக்கு இந்த ஊர்ப் பெயரில் வழங்குவது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

எந்த மாதம் போவது? ஜூன், ஜூலை மழையில் வேண்டாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானிலை இதமாக இருக்கும். ஓதம் ஏறி வீடுகள் நனைவதும் அதே மாதங்களில்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறும். சில ஓடைகளில் வள்ளம் பாலத்தடியில் நுழையாது. நாள் குறிக்குமுன் தங்கும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். ஓணம் கழிந்து இருபத்தெட்டாம் நாள் கல்லடா ஆற்றில் நடக்கும் வள்ளப்போட்டியோடு சேர்ந்து போக முடிந்தால், வெளியூருக்குக் குடிபோனவர்களெல்லாம் திரும்பி வந்து கரை நிறைய நிற்பதைப் பார்க்கலாம். நான் பார்த்த ஆண்டில் எங்கள் அம்மச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்து, எதிர்க்கரையில் நின்றவர்களைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராக எனக்கு அடையாளம் காட்டினார். இவன் இப்போது குண்டறையில், அவள் கொட்டாரக்கரையில், அந்தப் பச்சைச் சட்டைக்காரன் வீடு இருந்தது அதோ, அந்தத் தண்ணீருக்கு நடுவில் தெரிகிற கிணற்றுச் சுவர் இருக்கிறதே, அங்கே.